கத்தரிக்கு ஓதிய தண்ணீர்

12.02.1984, ஞாயிறு

மகள் ஸரீனாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதித் தந்த தண்ணீரை அவளிடம் குடிக்கக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால், கிணற்றடியில் தான் நட்ட கத்தரிக்கு அதை ஊற்றிக்கொண்டு நிற்கிறாள்.

“என்ன புள்ள செய்யிறாய்?”

“இதுக்கும் சுகமில்ல உம்மா. செடியும் அல்லாஹ்வத் துதிக்கும் எண்டு நீங்கதானே சொன்ன?”

நான்தான் சொன்னேன்.

மாலையில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. கத்தரி தலை தூக்கவில்லை. வேர் அழுகியிருக்கும் என்று நினைக்கிறேன். விடிந்ததும் அவள் அங்கேதான் ஓடுவாள். அது வாடியே கிடந்தால், ஓதிய தண்ணீர் ஊற்றியும் ஏன் சுகமாகவில்லை என்று கேட்பாள்.

இரவு இஷா தொழுதபின் கத்தரிக்காகவும் கையேந்தினேன். ஒரு செடிக்காக நான் துஆக் கேட்டது இதுதான் முதல் தடவை.