எழுதாமல் விட்ட தாதியியல்

வெள்ளிக்கிழமை, துணுக்காய்.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் இன்று வந்தன. அக்காவின் மகள் தர்சிக்கு மருத்துவம் மயிரிழையில் தவறிவிட்டது. வேறு எதுவும் கிடைக்கவுமில்லை.

விண்ணப்பம் நிரப்பிய அன்று அவள் மருத்துவத்துக்குக் கீழே தாதியியலையும் எழுதப்போனாள். வன்னி முழுவதற்கும் கல்வி மந்திரி போலக் கதிரையில் சாய்ந்திருந்த நான்தான் தடுத்தேன்.

"எடியே, எங்கட முல்லைத்தீவு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எப்பவும் குறைவு. உன்ர புள்ளிக்கு உன்னை ஏத்திப்போக ஹெலிகொப்டர் அனுப்புவாங்கள். பிறகேன் நேர்ஸ் படிப்பு?"

"ஒரு பாதுகாப்புக்கு எழுதிவிடுறன் மாமா."

"டொக்டரம்மா பயப்பிடக்கூடாது. விடு அதை!"

சிரித்துக்கொண்டு மருத்துவத்தோடு விட்டுவிட்டாள். எழுதியிருந்தால் இன்று தாதியியல் கிடைத்திருக்கும். அதற்குத் தேவையானதைவிட அவளுடைய புள்ளி நிறையவே கூட. பட்டியலை நாலு தரம் பார்த்துவிட்டேன்.

பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குசினியை விட்டு வெளியே வரவில்லை. தர்சிதான் தேத்தண்ணி தந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. காட்டு யானையையும் சிரிக்கவைக்கிற நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.

"திரும்பச் சோதினை எடுக்கப்போறன் மாமா."

"எடு பிள்ளை."

"அடுத்தமுறை விண்ணப்பம் நிரப்பேக்க நீங்கள் வரவேண்டாம், என்ன?"

கோபத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். எனக்கு நோகக்கூடாதென்று அவள் மெல்லக் கேட்டாள்.

ஓம் என்றேன்.