கழுதையைப் பார்க்க வந்தவர்

ஜூன் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கு நான் நலம். குழந்தைகளுக்கான வேதாகமப் படப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் என் உயிரை வாங்குகிறது. தீர்க்கதரிசி ஒருவர் கழுதைமேல் போகிறார். இரண்டு பக்கமும் தோட்டச் சுவர். வாளோடு வழிமறிக்கும் தேவதூதன் கழுதையின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அது சுவரோரம் ஒதுங்க, இவர் அதைப் போட்டு அடிக்கிறார். பதிப்பகத்தார் தூதனுக்கு ஒளிவட்டம் கேட்கிறார்கள். எனக்குக் காலை வெயிலே போதும்.

உன் கால்நடை மருத்துவமனையில் ஒரு கழுதை இருப்பதாக எழுதியிருந்தாயே, பயந்தால் அதன் காது எந்தப் பக்கம் போகும்? விடியலில் வெளிச்சம் அதன்மேல் எங்கே விழும்? விவரமாக எழுது. நீ எப்போது திரும்பி வருகிறாய்? சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.

உன்,
ஓவியன்


ஜூன் 15

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் கழுதையின் நலம். பயந்தால் அது ஓடாது. நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். பயம் எந்தப் பக்கமோ, காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பும். வெயில் முதலில் காதோர மயிரைத்தான் பிடிக்கும், முதுகுக்கு வர நேரமாகும். காலடியில் குருவிகள் பூச்சி பொறுக்கும். சுவர்மேல் ஓணான் தலையைத் தூக்கிப் பார்க்கும். போதுமா?

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்ததைப் போன கடிதத்தில் எழுதினேன். அதற்கு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கழுதையின் காதை மட்டும் விசாரிக்கிறீர்கள். வேலைக்காக இங்கே வந்து ஒரு வருடமாகிறது. ஒரு தடவை வந்து பாருங்கள், பிடித்தால் சேர்ந்து இங்கேயே இருக்கலாம் என்று எத்தனை கடிதத்தில் எழுதுவது? இந்த ஊர் வெளிச்சம் படம் வரைய ஆகாது என்பீர்கள். வெளிச்சம் பார்த்தா என்னைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள்?

குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள்,
நான்தான்


ஜூலை 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

படம் முடிந்துவிட்டது. அச்சுப் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒளிவட்டம் இல்லாமலே ஒத்துக்கொண்டார்கள். நீ எழுதியது உதவியது, ஆனாலும் நேரில் ஒரு கழுதையைப் பார்த்த பிறகுதான் கை ஓடியது. வேலை நெருக்குவதால் இந்த வருடம் அங்கே வரத் தோதுப்படாது போலிருக்கிறது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

உன்,
ஓவியன்


ஜூலை 20

ஐயா,

படம் வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, எரிச்சலே அதில்தான். சுவருக்கு மேலே ஏறி வரும் வெயிலில் தூதன் இருக்கிறானா இல்லையா என்று கண் கூசுகிறது. குருவிகூடப் பறக்க மறந்து நிற்கிறது.

ஆனால் அந்தக் கழுதையின் இமையோரத்தில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது. அதைப் போட்டது நான். என் தையல் எனக்குத் தெரியாதா? மருத்துவமனைக் காவல்காரரிடம் கேட்டேன். அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"ஆமாம்மா, படம் போடறவர் ஒருத்தர் ரெண்டு நாள் விடிகாலையில வந்து வேலியோரமா உக்காந்திருந்தார். டாக்டரைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அதுக்குள்ள வெளிச்சம் போயிடும்னு சொல்லிட்டார்."

என் அறை அந்த வேலியிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு நாளும் உள்ளே தலை வாரிக்கொண்டோ, டீ போட்டுக்கொண்டோ இருந்திருப்பேன். நீங்கள் வரவே இல்லை என்றிருந்தால் இன்னும் ஒரு வருடம்கூடக் கெஞ்சியிருப்பேன். வந்துவிட்டுப் போனீர்கள் பாருங்கள், அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் கோபத்தில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போது வெறும் அலுப்புதான். இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சம்மதம் சொல்லிவிட்டேன். அலமாரியில் இருக்கும் என் புத்தகங்களை லாரியில் போட்டு அனுப்பிவிடுங்கள். நான் வர மாட்டேன். உங்களையும் இனி வரச் சொல்ல மாட்டேன்.

படத்தைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மருத்துவமனை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். ஆடு மாட்டோடு வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு, யார் வரைந்தது என்று கேட்கிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்