முனியாயிக்கு நின்ற வண்டி

லண்டன்
11 பிப்ரவரி 1934

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கிருஷ்ணப்பனுக்கு,

இன்னாசி எழுதுவது. இங்கே நான் உயிரோடும் இருமலோடும் இருக்கிறேன். நீயும் ராமக்காவும், உங்கள் கையில் நான் விட்டுவந்த என் மகள் சவரியாயியும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

சமையலுக்கென்று என்னைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த இன்ஜினியர் துரை டிசம்பரில் இறந்துவிட்டார். துரைசாணி நல்ல மனுஷி. என்னை நடுத்தெருவில் விடாமல் துரைக்குப் பழக்கமான ஒரு கண்டிராக்டரிடம் சேர்த்துவிட்டாள். என்ன வேலை என்று கேள். ரயில்வே ஸ்டேஷன் தோண்டுகிற வேலை. கட்டுகிற வேலை இல்லையப்பா, தோண்டுகிற வேலைதான். இந்த ஊரில் ரயில் பூமிக்கு அடியில் ஓடுகிறது.

எங்கள் ஸ்டேஷன் பெயர் உன் வாயில் நுழையாது, விட்டுவிடு. இதுவரைக்கும் மேலே தெருவில் சின்னக் கட்டடம் ஒன்றும், உள்ளே கம்பிக் கதவு போட்ட கூண்டு ஒன்றும்தான். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி கூண்டு ஜனங்களோடு கீழே இறங்கும். இப்போது ஜனம் பெருகிவிட்டது, கூண்டு போதவில்லை. அதனால் சரிவாகக் குகை வெட்டி, தானாக நகரும் படிக்கட்டு வைக்கப் போகிறார்களாம். மேலே பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்க, கீழே நாங்கள் களிமண்ணை வெட்டி எடுக்கிறோம். மண்வெட்டியில் அது திரண்டு வரும்போதெல்லாம் ராமக்கா கிண்டும் கேழ்வரகுக் களி நினைப்பு வந்து வயிற்றைக் கிள்ளுகிறது.

சவரியின் அம்மா போன கையோடு நானும் கப்பலேறினேன். கைக்குழந்தையை வாங்கிக்கொண்டபோது நீங்கள் இருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வேலை முடிந்ததும் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் நண்பன், சவரியாயியின் அப்பா,
இன்னாசி


தருமபுரி
20 மே 1934

கோட்டை காமாட்சி துணை

நண்பன் இன்னாசிக்கு கிருஷ்ணப்பன் எழுதியது. எல்லோரும் நலம்.

நீ எழுதியதை நம்பி நான் பட்ட பாட்டைக் கேள். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா பூமிக்கு அடியில் இருக்கிறார் என்று வந்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்கம்மாவையும் பூமிக்குள்ளதான வெச்சாங்க" என்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு நானே அவளைக் கூட்டிப்போய் மெழுகுவத்தி ஏற்றச் சொல்லி இடத்தைக் காட்டியிருக்கிறேன். யார் சொல்லியும் அடங்கவில்லை. ராமக்கா என்னைத் திட்டிய திட்டு மொரப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. லீவு நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் கீழே இருக்கும் சின்னப் பாலத்துக்குள் போய் உட்கார்ந்தேன். நம் மொரப்பூர் வண்டி தலைக்கு மேலே தடதடவென்று போயிற்று. வெளியே வந்து, "பாத்தியா, நாம பூமிக்குக் கீழ போயிட்டு வந்துட்டோம். அப்பாவும் இப்படித்தான் தெனம் வெளியில வந்துடுவாரு" என்றேன். சிரித்தாள். இப்போது தினமும் பாலத்துக்குப் போகச் சொல்லி என் உயிரை எடுக்கிறாள்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வருகிற மாதிரி படம் கிடைத்தால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குக் கூட்டிப்போகிறேன். அவள் உள்ளே போவாள், நான் வெளியே புங்கமரத்தடியில் நிற்பேன். என்னை மாமா என்றும், ராமக்காவை அத்தை என்றும்தான் பழக்கியிருக்கிறோம். அப்பா என்கிற இடம் உன்னுடையது.

இப்படிக்கு,
சவரியின் மாமா,
கிருஷ்ணப்பன்


லண்டன்
8 நவம்பர் 1936

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கிருஷ்ணப்பனுக்கு,

இத்துடன் படம் இருக்கிறது. வாசலில் வெளியே வருகிற கும்பலைச் சவரியிடம் காட்டு. ஒருவரும் உள்ளே தங்கிவிடவில்லை என்று சொல்.

ஸ்டேஷனைத் திறந்துவிட்டார்கள். தெருவுக்கு அடியிலேயே வட்டமாக ஒரு மண்டபம், பளபளவென்று வெளிச்சம், டிக்கெட்டு கொடுக்க மெஷின். நகரும் படி மரத்தால் ஆனது. முதல் நாள் பெரிய பெரிய துரைமார்களெல்லாம் அதில் காலை வைக்கப் பயந்துகொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே. எனக்குப் பயமில்லை. அந்தச் சரிவில் பாதி நான் வெட்டியது. வெட்டியவர்களில் சிலரை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். என் கையில் சீமாறு கொடுத்திருக்கிறார்கள். வேலை போகாமல் நிலைத்தது, தெய்வச் செயல்.

ஆனால் போன வாரம் உன்னால் அது போகப் பார்த்தது. வாசலில் பூ விற்கும் மேரி என்று ஒருத்தி, கூடையும் கையுமாகப் படியில் ஓடிவந்தாள். வண்டிக் கதவு தானாக மூடுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சீமாற்றை நடுவில் கொடுத்து நிறுத்திவிட்டேன். கீரைக் கூடையோடு முனியாயி ஓடிவரும் வரைக்கும் நம் ஊரில் நீ வண்டியைக் கிளப்பியதுண்டா? கார்டு வேலை பார்க்கிறவன், பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வராளா பாருங்க" என்று கேட்டுக்கொண்டுதானே நிற்பாய். நான் அந்த ஸ்டேஷனில் உன்னிடம் மூட்டை தூக்கிப் பழகியவன், வேறென்ன வரும்.

இந்த ஊர் கார்டு ஓடிவந்து கத்தினான். மேஸ்திரி என்னை நிற்கவைத்துக் கேட்டான். இங்கே பின்னாலேயே அடுத்த வண்டி வரும், அதனால் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லையாம். மேரி எனக்காகப் பேசினாள். பிறகு, "உங்க ஊர்ல ரயில் நிக்குமா?" என்று கேட்டாள். நிற்கும் என்றேன். நம்பவில்லை.

உன் நண்பன், சவரியாயியின் அப்பா,
இன்னாசி


தருமபுரி
2 மார்ச் 1937

கோட்டை காமாட்சி துணை

இன்னாசிக்கு,

உன் கடிதத்தை முனியாயிக்குப் படித்துக் காட்டினேன். "எனக்காவ சீமையில ரயிலு நின்னுச்சா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இப்போது முன்னைவிட நிதானமாகத்தான் வருகிறாள்.

சவரி பள்ளிக்கூடம் போகிறாள். நீ அனுப்பிய படத்தைச் சிலேட்டுப் பைக்குள் வைத்திருக்கிறாள். கும்பலில் தொப்பி போட்ட ஒருவரைக் காட்டி, இதுதான் எங்கப்பா என்று சொல்லித் திரிகிறாள். அந்த ஆள் வெள்ளைக்காரன், மீசை வேறு. நீ ஒரு போட்டோ எடுத்து அனுப்பக் கூடாதா?

போன வாரம் காய்ச்சலில் பிதற்றும்போது என்னை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். நான் மாமா என்று திருத்தினேன். ராமக்கா அன்றைக்கெல்லாம் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, கவலைப்படாதே.

சவரியின் மாமா,
கிருஷ்ணப்பன்


லண்டன்
17 நவம்பர் 1940

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கிருஷ்ணப்பனுக்கு,

நான் இருக்கிறேன். முதலில் இதைச் சவரியிடம் சொல்லிவிட்டு மீதியைப் படி. யுத்தத்தைப் பற்றி எழுதக் கூடாது, எழுதினால் கடிதத்தைப் பிரித்து மை பூசி அடித்துவிடுவார்கள். ஸ்டேஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆபத்துச் சங்கு ஊதினால் ஊரே இங்கே இறங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் கூடாது என்றுதான் உத்தரவு. ஜனங்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இறங்கி, வண்டி ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டிக்கெட்டு வாங்கியவரை யார் என்ன கேட்பது? இப்போது சர்க்காரே இறங்கி வந்து கட்டில் போடுகிறது, டீ கொடுக்கிறது. வண்டி ஏற வருகிறவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கோடு போட்டிருக்கிறோம், அதற்கு இந்தப் பக்கம் பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள். ஆம்பளைகள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் என்னைப் போர்ட்டராக்கி, வாசல் கேட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் உள்ளே நிரம்பிவிட்டது. கேட்டைச் சாத்து என்றார் இன்ஸ்பெக்டர். தெருக்கோடியில் மேரி, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். நான் சாத்தவில்லை. "சாத்து, சாத்து" என்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் உள்ளே விழுந்தார்கள், நான் சாத்தினேன். மேலே என்ன ஆயிற்று என்று எழுத முடியாது. காலையில் அவள் தெரு இல்லை. இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு நன்றி சொல்லாதே, தருமபுரியில் கிருஷ்ணப்பன் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்குச் சொல் என்றேன். சொல்லிவிட்டாள். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

உன் நண்பன், சவரியாயியின் அப்பா,
இன்னாசி


தருமபுரி
29 செப்டம்பர் 1941

கோட்டை காமாட்சி துணை

இன்னாசிக்கு,

அந்த அம்மாளின் நன்றி வந்து சேர்ந்தது. ஒரு சீமைக்காரிக்கு நான் என்ன பதில் சொல்ல? பிள்ளைகளுக்குத் திருஷ்டி கழிக்கச் சொல்.

நம் வண்டியை நிறுத்திவிட்டார்கள். யுத்தத்துக்குத் தண்டவாளம் வேண்டுமாம், பிடுங்கி எடுக்கிறார்கள். கடைசி வண்டிக்கு நான்தான் கார்டு. முனியாயி அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறி உட்கார்ந்திருந்தாள். காத்திருக்க ஆளில்லாமல் கொடி காட்டியது அன்றைக்குத்தான். உன் ஸ்டேஷன் நாளுக்கு நாள் வளர்கிறது, என் ஸ்டேஷனில் ஆடு மேய்கிறது. பொறாமையில்லை, உனக்காவது அந்த பாக்கியம் இருக்கட்டும். என்னை மொரப்பூர் சரக்கு ஆபீசில் போட்டுவிட்டார்கள், பஸ்ஸில் போய்வருகிறேன். கொடியை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, வீட்டில் இருக்கிறது.

சவரி ராமக்காவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். சின்னப் பாலம் மட்டும் இன்னும் நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

சவரியின் மாமா,
கிருஷ்ணப்பன்


லண்டன்
23 செப்டம்பர் 1945

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கிருஷ்ணப்பனுக்கு,

யுத்தம் முடிந்தது. கட்டில்களைக் கழற்றி எடுத்துவிட்டோம். பிளாட்பாரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கோடு முழுசாகப் போகவில்லை. இத்தனை வருஷம் பாய் விரித்தவர்கள், இப்போது டிக்கெட்டைக் காட்டிவிட்டு வேகமாகப் போகிறார்கள். சிலர் மட்டும் தாங்கள் படுத்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஆள் பெயர் எல்லாம் தெரியும்.

கப்பலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மகளுக்குப் பதினாறு முடிந்திருக்கும். அவளை எனக்கு அடையாளம் தெரியுமா? போட்டோ அனுப்பியதற்கு நன்றி. அவள் அம்மாவின் நெற்றி.

உன் நண்பன், சவரியாயியின் அப்பா,
இன்னாசி


தருமபுரி
18 நவம்பர் 1945

கோட்டை காமாட்சி துணை

இன்னாசிக்கு,

நல்ல சேதி. சவரிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் ராஜப்பன், உங்கள் வேதம்தான், அரூரில் வாத்தியார். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் சவரி வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே போடவில்லை, அதையும் அவளே ருசியாகச் சாப்பிட்டாள். ராமக்கா இதற்குமேல் என்ன கேட்க வேண்டும் என்கிறாள்.

ஒரு சங்கடம். பையனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மார்ச்சில் உங்கள் நோன்பு, அந்தத் தபசு காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாதாம், அதற்குமுன் முடிக்க வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்களாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெற்ற தகப்பன் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான், அவன் வந்துதான் கொடுப்பான் என்று சொன்னேன். பங்குச் சாமியாரும் தகப்பன் இடத்தில் யார் நிற்பது என்று கேட்டார். இன்னாசிதான் நிற்பான் என்றேன்.

சவரி, "மாமா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வந்தபோது கண் சிவந்திருந்தது. ராமக்கா மறுபடியும் என்னோடு பேசுவதில்லை. எத்தனை மாதமானாலும் சரி, உன் இடத்தை நான் பிடித்து வைத்திருப்பேன். எந்தக் கப்பல் என்று எழுது.

சவரியின் மாமா,
கிருஷ்ணப்பன்


லண்டன்
6 ஜனவரி 1946

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கிருஷ்ணப்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கப்பல் ஆபீசுக்கு ஓடினேன். பட்டாளத்துக்காரர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இடமாம். இந்த வருஷக் கடைசி என்கிறான், அதுவும் நிச்சயமில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். நகரும் படியில் நின்றபடி இறங்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது.

பாலத்துக்கு அடியில் அவளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது நீ. காய்ச்சலில் விழித்திருந்தது நீ. ஞாயிறு தவறாமல் புங்கமரத்தடியில் வெயிலில் நின்றது நீ. அவள் தானாக அப்பா என்று கூப்பிட்டபோதுகூட, எனக்காக வேண்டாம் என்று சொன்ன பைத்தியக்காரன் நீ. அதைப் படித்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால், அப்பா என்று கூப்பிட வந்த குழந்தையின் வாயை எனக்காக அடைத்துவிட்டோமே என்று இருக்கிறது. இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் என் மகள் வளர்ந்த வீடு. அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

முனியாயி ஓடிவருவது கண்ணுக்குத் தெரியும், அதனால் நீ நிற்பாய். நான் வருவது தெரிகிறதா? தெரியாது. ஏறி உட்கார்ந்திருக்கிறவள் சவரி. அவள் முகத்தைப் பார். ராஜப்பன் வீட்டுக்கு உடனே சொல்லியனுப்பு, தபசு காலத்துக்குமுன் முடித்துவிடு. சாமியாரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. தகப்பன் இடத்தில் கிருஷ்ணப்பன் நிற்பான் என்று பெற்றவன் கையெழுத்திட்டுச் சொல்கிறேன். மரத்தடியில் நின்றது போதும், அன்றைக்காவது உள்ளே போ.

மேரி ஒரு சரிகைக் கரை கொடுத்திருக்கிறாள், அவள் கல்யாணத்தில் போட்டதாம். உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். சவரி முக்காட்டு ஓரத்தில் தைத்துக்கொள்ளட்டும். கப்பல் கிடைக்கும்போது நான் வருவேன். ராமக்கா கையால் களி சாப்பிட, விருந்தாளியாக வருவேன்.

வீட்டில் இருக்கிறதே அந்தக் கொடி, அதை எடு. யாருக்காகவும் நிற்காதே, காட்டு. உன்னை அப்பா என்று கூப்பிடச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன், சவரியாயியின் மாமா,
இன்னாசி