உங்கள் தம்பி தேடிய எலும்பு டொக்டர்

மச்சாள்,

நீங்கள் பிடித்து நடந்த வோக்கர் நேற்று நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கியது. "மாமிக்கு உதவும்" என்று உங்கள் மகள்தான் அனுப்பியிருந்தாள். நாலு காலும் உங்கள் உயரத்துக்கு நீட்டிவிட்டபடியே இருந்தன. பிடித்துப் பார்த்தேன், தோள் காதுவரை எழும்பியது. இவர், அதுதான் உங்கள் தம்பி, நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு காலாக உள்ளே தள்ளிப் பதித்துத் தந்தார். முழங்கால் மாற்றிக்கொண்டு வந்த இந்த நேரத்திலும் உங்களை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. செத்துப்போனவளோடு என்னடி எரிச்சல் என்று கேட்பீர்கள். நீங்கள் இருந்தபோதே தீராத எரிச்சல், மச்சாள்.

உங்களுக்கு முழங்கால் போனபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர், நான் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். இரண்டு பேருக்கும் ஒரே அரசாங்கக் காப்புறுதிதான். அந்தக் காப்புறுதியை ஏற்றுக்கொண்டு வெட்டுகிற எலும்பு டொக்டர் அகப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். நீங்களோ கண்டியில் போய்ச் செய்துகொண்டு வந்துவிட்டீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "தம்பிதான் தேடிப் பிடிச்சவன். அவன் இல்லாட்டி நான் படுக்கையிலதான்." கலியாண வீடு, செத்த வீடு, ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் இவர் மாப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

அந்த வருடம் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நீங்கள் எனக்கு முன்னால் விறுவிறு என்று ஏறினீர்கள். உங்கள் கைப்பையை இவர் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வழியில் நின்ற மான்கூட உங்களுக்கு விலகி வழிவிட்டது. என் கையில் அர்ச்சனைத் தட்டும் இருந்தது, குடையும் இருந்தது. அதை வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பொறாமை பற்றி எரிந்தது.

பிறகு என் முழங்கால் போனது. நீங்கள் அதற்கு முன்பே போய்விட்டீர்கள். பெரியாஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்தேன். அவர்கள் நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள், ஆனால் எனக்கு முன்னால் அவ்வளவு சனம். சனி ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வந்து பார்க்கிற டொக்டர்மாரிடம் போனால், காப்புறுதி என்ற சொல்லோடு கதை முடிந்துவிடும். "முதல்ல நீங்க கட்டுங்கோ அம்மா. பிறகு காப்புறுதிக்காரரிட்ட எழுதிப்போட்டுக் காசை எடுங்கோ" என்பார்கள். முழுவதையும் முதலில் கட்ட எங்களால் ஏலாது. குசினிக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் கதிரையில் இருந்தபடியே சமைத்தேன்.

"இஞ்சாருங்கோ, அக்காவுக்குப் பிடிச்ச மாதிரி எனக்கும் ஒரு டொக்டரைப் பிடியுங்கோவன்" என்று இவரிடம் கேட்டேன். "அந்த ஆள் வெளிநாடு போயிருப்பார்" என்றார். இன்னொரு நாள், "அது அந்தக் காலம்" என்றார். கேட்கும்போதெல்லாம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடக்கப் போய்விடுவார். அக்காவுக்கென்றால் கண்டிவரை ஓடிய மனுசன், எனக்கென்றால் தெருமுனைவரைதான். இத்தனை வருடம் சோறு போட்டவளுக்கு இவர் மனதில் இருக்கிற இடம் இவ்வளவுதானா? முழங்காலை விட அந்த நினைப்புத்தான் என்னைப் படுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டொக்டர் ஒருவர் முடியாது என்று அனுப்பிவிட்ட பிறகு, வெளி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். உங்களையும் சேர்த்துத்தான். இவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் ஒரு டொக்டரையும் தேடேல்லை" என்றார். "அக்கா தனியத்தான் கண்டி பஸ்ஸில போய் வந்தவ. அங்க வாசல் வாசலா ஏறிக் கேட்டவ. வேலையை விட்டுட்டு வராத, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டவ. நான் ஒப்பரேசன் முடிஞ்சு போய்ப் பார்த்ததுதான்."

"அப்ப ஏன் ஊரெல்லாம் உங்கட பேரைச் சொன்னவ?"

"ஒரே தம்பி, அவனும் பார்க்கேல்லை எண்டு சனம் கதைக்குமெண்டு. நானும் பேசாம இருந்திட்டன். எனக்கு இந்த வேலை செய்யத் தெரியாதப்பா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவர் ஓடவே இல்லை. அப்படியானால் நான் எதைப் பார்த்து இத்தனை வருடம் எரிந்தேன்? பொறாமை அதோடு அணைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அணையவில்லை, மச்சாள். அந்தக் காலோடு அவ்வளவு அலைந்து பெற்ற பெருமையை, மிட்டாய் கொடுப்பதுபோல் தம்பி கையில் வைத்துவிட்டுப் போக உங்களால் முடிந்ததே, அதில்தான் இப்போது எனக்குப் பொறாமை. என்னால் ஏலாது.

அடுத்த நாளே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். திருகோணமலை, கண்டி, யாழ்ப்பாணம் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது. கடைசியில் மட்டக்களப்பில் ஒரு பிள்ளை, "ஓம் அம்மா, எங்கட டொக்டர் அந்தக் காப்புறுதி எடுப்பார். நீங்க பென்சன்காரரோ?" என்றாள். நம்பாமல் திரும்பவும் கேட்டேன். அவள் சிரித்தாள். இவர் கூடவே வந்தார். ஒப்பரேசன் அன்று வாசலைவிட்டு அசையவில்லையாம், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

இன்று பின்னேரம் உங்கள் சித்தியும் ஆட்களும் பிஸ்கட் பெட்டிகளோடு என்னைப் பார்க்க வந்தார்கள். சித்தி என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குப் பிடிச்ச மாதிரியே பெண்சாதிக்கும் ஒரு டொக்டரைப் பிடிச்சுப்போட்டான், கெட்டிக்காரன்" என்றார். இவர் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. அரைவாசியை மட்டும் வெளியில் விட்டேன்.

"இல்லை சித்தி. இந்த டொக்டரை நான்தான் தேடிப் பிடிச்சனான். அக்காவுக்குத்தான் இவர் தேடினவர்."