அமெரிக்காவை அழித்தோம்

1991

மார்ச் 24, ஞாயிறு

வல்லத்துக்காரர்களிடம் மறுபடியும் தோற்றோம். கேப்டன் என்ற முறையில் எல்லோரையும் திட்டியிருக்க வேண்டும். முதல் பந்திலேயே அவுட் ஆனவன் என்ற முறையில் வாயை மூடிக்கொண்டேன்.

ராஜாமணி டீக்கடையில் ரகுபதி பேப்பரை உரக்கப் படித்தான். (எங்கள் விக்கெட் கீப்பர். பந்தைத் தவிர எல்லாவற்றையும் பிடிப்பான்.) அமெரிக்காவில் ஒரு கறுப்பரை ரோட்டில் போட்டுப் போலீஸ்காரர்கள் அடி அடியென்று அடித்திருக்கிறார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துவிட்டார்களாம். எங்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தோற்ற கோபமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். சுண்ணாம்பில் நீலப் பொடி கலந்து கடைச் சுவரில் நானே எழுதினேன்:

அமெரிக்க போலீசே! மன்னிப்புக் கேள்! — மண்ணூர் கிரிக்கெட் கிளப்.

எழுத்து அமைந்துவிட்டது. என் மனைவி சுந்தராம்பாளுக்குத்தான் ரசனை இல்லை. "அமெரிக்கா போலீஸு மண்ணூருக்கு டீ குடிக்க வரப்போறானா? வூட்ல இருந்த நீலத்தை எல்லாம் சுவத்துல பூசிட்டு வந்துகீறீங்க. உங்க சட்டைக்கு நான் இன்னாத்தைப் போடறது?"

ஏப்ரல் 21, ஞாயிறு

ஆண்டவன் கண் திறந்துவிட்டான்! கென்யாவிலிருந்து மோசஸ் என்று ஒருவர். மெட்ராஸில் இன்ஜினியரிங் படிக்கிறார், எங்கள் ஃபேக்டரியில் டிரெய்னிங். ராஜாமணி கடை மாடியில்தான் ரூம். நல்ல உயரம், நல்ல கறுப்பு. "ஃபாஸ்ட் பவுலருக்கு இதுக்கு மேல இன்னாபா வேணும்?" என்றான் ரகுபதி. மோசஸை யாரும் கேட்கவில்லை.

அவர் போட்ட முதல் பந்து பின்பக்கமாகப் பறந்து ராஜாமணியின் பால் சட்டியில் விழுந்தது. கிரிக்கெட் பந்தை இன்றுதான் தொடுகிறாராம். "எனக்குச் செஸ்தான் வரும்" என்றார் இங்கிலீஷில், பாவமாக.

ஏப்ரல் 28

மூளை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? மோசஸ் பந்து போட வேண்டியதில்லை, தூரத்திலிருந்து பயங்கரமாக ஓடி வந்தால் போதும். இரண்டு தடவை ஓடி வந்து நின்றுவிடுவார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அதற்குள் பேட்ஸ்மேன் பாதி செத்திருப்பான். தினமும் ரோட்டில் ஓடிப் பழகச் சொல்லியிருக்கிறேன். துணைக்கு ரகுபதி.

மே 26

ஆட்டம் இல்லை. பக்கத்து ஊர் தேர்தல் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்ததிலிருந்து சுற்றுவட்டாரமே பேச்சற்றுக் கிடக்கிறது. ரோடெல்லாம் போலீஸ்.

ஜூன் 9, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் மோசஸும் ரகுபதியும் ஓடியிருக்கிறார்கள். செக்போஸ்ட்டில் ஒரு கான்ஸ்டபிள் ரகுபதியைப் பார்த்து, "தம்பி, ஓரமா ஓடு" என்றாராம். பின்னால் வந்த மோசஸுக்கு லத்தி. பாஸ்போர்ட்டை எடுக்கப் போன கையிலேயே ஓர் அடி. ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். "இம்மாங் கறுப்பா ஒருத்தன் ஓடியாந்தா இன்னான்னு நெனைக்கறது?" என்று காரணம் வேறு.

ரகுபதி மட்டும் என்ன ரோஜாப்பூ நிறமா? மோசஸ் பக்கத்தில் நின்றால் இவன்தான் ஒரு பிடி கூடுதல் கறுப்பு! அப்புறம் ஏன்யா அவருக்கு மட்டும்? ஓடச் சொன்னது நான். அடி வாங்கினது அவர்.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வியாழக்கிழமை கிளம்புவதாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வந்த முதல் நாளே சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ராஜாமணியிடம் கேட்டாராம். அர்த்தம் தெரிந்த பிறகுதான் இங்கே ரூம் எடுத்தாராம். "தைரியமான கிளப் உங்களுடையது" என்றார். "கடல் தாண்டிப் போய்த் திட்டுகிறது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 10

அவசரக் கூட்டம். ரகுபதியின் சைக்கிளில் லைட் இல்லை, அதனால் போலீஸைப் பகைக்க முடியாது. ராஜாமணி கடையில் போலீஸார் தினமும் டீ குடிக்கிறார்கள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 11

நிஜமாகவே வயிற்றுவலி.

ஜூன் 13, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சுந்தராம்பாள் ஈரத்துணியை நீட்டினாள். "எழுதத் தெரிஞ்ச கைக்கு அழிக்கத் தெரியாதா?"

பட்டப்பகலில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அமெரிக்க" என்பதை மட்டும் துடைத்தேன். அவளும் ஒரு பக்கம் தேய்த்தாள். மிச்சம் நன்றாகத் தெரிந்தது: போலீசே! மன்னிப்புக் கேள்!

டீ ஆறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. "எவன்டா எழுதினது?" என்றார் எஸ்.ஐ.

"சார், இது மார்ச்லயே எழுதினது சார்" என்றான் ரகுபதி. "அமெரிக்காகாரனுக்கு."

"அமெரிக்கா எங்கடா?"

"மழையில கரைஞ்சிடுச்சு சார்."

பங்குனியிலிருந்து ஒரு சொட்டு மழை கிடையாது. எஸ்.ஐ. வானத்தைப் பார்த்தார், பிறகு என் நீலக் கையைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் மாடிப்படியில் மோசஸ் பெட்டியோடு நின்றிருந்தார்.

"நான்தான் சார் அழிச்சேன்" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கீச்சென்று கேட்டது. "எங்க ஆளை உங்க ஆளு அடிச்சது தப்பு சார். புகார் குடுக்கணும்."

சுந்தராம்பாள் தன் கையையும் நீட்டினாள். ரகுபதி அவசரமாகச் சுவரைத் தடவிவிட்டு அவனும் நீட்டினான். அப்புறம் டீம் மொத்தமும் சுவரைத் தடவியது. ராஜாமணி, "டேய், செவுத்தை உட்டு வைங்கடா" என்று கத்தினார்.

சைக்கிளில் எல்லோருமாக ஸ்டேஷன் போனோம். புகாரை வாங்க மாட்டேன் என்றார்கள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். சுந்தராம்பாள் புளிச்சோறு கொண்டுவந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் ரசீது கிடைத்தது.

மோசஸ் பெட்டியை மாடிக்கே எடுத்துப் போனார். தூக்கிக் கொடுத்தவன் நான்தான். உள்ளே என்ன, செங்கல்லா?

ஜூலை 14, ஞாயிறு

மன்னிப்பு இன்னும் வரவில்லை. வெள்ளையடிக்கலாமா என்று ராஜாமணி கேட்டார். அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன்.

இன்று மோசஸ் மறுபடி ஓடினார். நான், ரகுபதி, டீம் எல்லோரும் கூடவே. செக்போஸ்ட்டில் அதே கான்ஸ்டபிள். அவர் எங்களைப் பார்த்தார், மோசஸைப் பார்த்தார், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி, ஓரமா ஓடு."

என்ன சொன்னார் என்று மோசஸ் கேட்டார். ஓரமாக ஓடச் சொல்கிறார் என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மோசஸ் ஓரமாக ஓடினார்.