கணவர் கையெழுத்து

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்லை, நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னொரு பிரசவத்தை என் இதயம் தாங்காதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. கருத்தடை ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தாங்க. கவுண்டர்ல புருஷன் கையெழுத்து கேட்கிறாங்க. இவர் போட மாட்டேங்கறார். "கத்தியெல்லாம் எதுக்கு, ஜாக்கிரதையா இருந்துக்கலாம்"கறார். இவரோட ஜாக்கிரதை எனக்குத் தெரியாதா? மூணு பிள்ளைங்க இருக்கே! சட்ட இலாகாவில உட்கார்ந்திருக்கியே, ஒரு வழி சொல்லு.

உன் வாலு

மார்ச் 11

அடி வாலு,

புருஷன் கையெழுத்தாவது மண்ணாவது! பெண்கள் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தத்தை நம்ம நாடு ஏத்துக்கிட்டாச்சு. அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்தையும் போன வருஷமே திருத்தியாச்சு. பெண்ணோட சம்மதம் மட்டும் போதும். ஜூன்ல அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிற சர்வதேசக் குழு முன்னாடி வைக்கப்போற அறிக்கையில, இது நடைமுறைக்கு வந்தாச்சுங்கற பத்தியை எழுதினதே நான்தான். சட்ட நகல் இதோட வச்சிருக்கேன். கொண்டுபோய் நீட்டு.

அக்கா

மார்ச் 20

அக்கா,

நீட்டினேன். நர்ஸம்மா கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. "சட்டம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஃபாரத்தில கணவர் கையெழுத்துன்னு கட்டம் இருக்கே. காலியா விட்டா என் தலைதான் உருளும்"னாங்க. பாவம், அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு கடிதம் வந்தா போதுமாம். எழுதச் சொல்லேன்.

வாலு

மார்ச் 29

கண்ணு,

ஃபாரம் மாறலைங்கறதே எனக்கு இப்பதான் தெரியும். டைரக்டர்கிட்ட சொன்னேன். "அறிக்கை போயாச்சு. இப்போ கடிதம் எழுதினா, நாம எழுதினது பொய்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஜூன் முடியட்டும்"னார். எனக்கும் சரின்னுதான் பட்டுது. மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கோடி. கூட்டம் முடிஞ்சதும் முதல் வேலையா செய்றேன்.

அக்கா

ஜூலை 2

அக்கா,

கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது, உன் பத்தியைத் தனியா பாராட்டினாங்கன்னு எழுதியிருந்தே. சந்தோஷம்.

நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். நாள் தள்ளிப்போயிருந்தது. எட்டாவது வாரத்திலயே மூச்சு முட்டி விழுந்துட்டேன். கலைக்க வேண்டியதாப் போச்சு, கூடவே ஆபரேஷனும் பண்ணிட்டாங்க. ரெண்டு ஃபாரத்திலயும் இவர் அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டார். பிழைச்சது பெரிய விஷயம்னு டாக்டரம்மா சொல்றாங்க. இனிமே மாடி ஏறக் கூடாதாம், சின்னதைத் தூக்கக் கூடாதாம். அது தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கிட்டே நிக்குது.

இந்த வாரம் புது ஃபாரம் வந்திருக்குன்னு நர்ஸம்மா கொண்டுவந்து காட்டினாங்க. அந்தக் கட்டம் இல்லை. நீ சொன்னபடி செஞ்சுட்டே.

லீவு போட்டு வர்றேன்னு எழுதியிருக்கே. வராதேக்கா. உன் முகத்தைப் பார்த்தா அழுதுடுவேன், உடனே மன்னிச்சுடுவேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உன் மேல கோபமா இருக்கணும்.

உன் தங்கை