கனவான் திருடன் தப்பித்த சனிக்கிழமைகள்

இன்று ஆபீஸ் கிச்சனில் யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைத் தீய விட்டுவிட்டார்கள். வெண்ணெய் கருகிய வாசனை வந்ததும், ரவுண்ட் ராக் ஊரில் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நீ ஒருமுறைகூடக் கருகாமல் பொரித்ததில்லை.

உனக்கு ஒரே படம்தான். கோவையில் காலேஜ் படிக்கும்போது நாம் சேர்ந்து பார்த்த பழைய பிரெஞ்சுக் கறுப்பு வெள்ளைப் படம். கோட்டு சூட்டோடு விருந்துக்கு வந்து, சீமாட்டியின் கையில் முத்தம் கொடுத்தபடியே வளையலைக் கழற்றிவிடும் நரைத்த திருடன். "திருடினாலும் மரியாதையாத் திருடறான் பாரு" என்பாய். கடைசியில் ரயில் நிலையத்தில் போலீஸிடம் மாட்டிக்கொள்வான். அப்போதும் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு வணக்கம் சொல்வான். அந்த இடத்தில் உனக்குக் கண் கலங்கும்.

ஐம்பதைத் தாண்டியதுமே உனக்கு மறதி நோய் என்றார்கள். முதலில் ஆபீஸுக்கு டிரைவ் பண்ணும் வழி மறந்தது. பிறகு வேலை போனது. சனிக்கிழமைகளில் உன் மனைவி மாலதி கடை கண்ணிக்குப் போய்வர, நான் உன்னோடு இருப்பேன். வேறு எதைப் போட்டாலும் எழுந்து போய்விடுவாய். அந்தப் படத்துக்கு மட்டும் அசையாமல் உட்காருவாய். ஆனால் அதன் முடிவு உனக்கு மறந்துபோயிருந்தது.

"இவன் தப்பிச்சிடுவானாடா?"

"பாரேன்" என்றேன். போலீஸ் அவன் தோளைத் தொட்டதும் நீ பதறி எழுந்தாய். வாசல் கதவைப் போட்டு உலுக்கினாய். "அவனை விட்டுடச் சொல்லுடா!" உன்னை அமர்த்துவதற்குள் மாலதியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ரயில் நிலையக் காட்சி வந்ததும் உன் மகள் நிலா ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். "ஸ்டாப் இட் ஹியர், அங்கிள். லெட் ஹிம் கெட் அவே."

அன்றிலிருந்து படம் அவன் ரயிலை நோக்கி நடக்கும்போதே முடிந்தது. "போயிட்டான்டா!" என்று நீ கைதட்டுவாய். அதற்குள் கடையிலிருந்து வந்துவிட்ட மாலதி சமையலறையில் கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாள். "இந்தச் சத்தத்தை வச்சுத்தான்ணா வாரம் பூரா ஓட்டறேன்" என்றாள் ஒருநாள். நோய் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றுகூட நாங்கள் நம்பினோம்.

நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை நீ திரையையே பார்க்கவில்லை. நானாகவே "போயிட்டான்டா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. நீ மெல்ல எழுந்தாய். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பினாய்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். உங்க வீட்ல தேடுவாங்க. கிளம்புங்க."

மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன், வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகும் பல மாதம் உயிரோடு இருந்தாய். யாரிடமும் பேசவில்லை. எனக்கு நீ கடைசியாகத் தந்தது அந்த "சார்"தான். அதை எங்கே இறக்கி வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.